பதில்: லெகசி சிஸ்டத்துக்கு ‘மரபு முறைமை’ பொருந்துமா?

> மரபு முறைமை என்றே வைத்துக்கொள்ளலாம், எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. லெகசி சிஸ்டம் என்பது ஒரு நிறுவனம் இன்னும் நம்பி ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய கணினி முறைமை. ஆனால் மரபு நம் காதில் புகழ்ச்சொல்லாயிற்றே. மரபு விதை, மரபு மருத்துவம், மரபுக் கவிதை எல்லாமே காப்பாற்ற வேண்டியவை. ‘மரபு மென்பொருள்’ என்றால் மரச்செக்கு எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்து விற்பார்கள். ‘மரபுரிமை’யோ இலங்கையில் ஏற்கெனவே தொல்லியல் பக்கம் போய்விட்டது. ‘பழைய முறைமை’யும் போதாது; பழையதெல்லாம் லெகசி ஆகிவிடாது.

எது லெகசி என்று எனக்கு உறைத்தது ஒரு மொத்த வியாபாரக் கடையில். விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய பில்லிங் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் ஆதரவை நிறுத்திய பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இணையவழி ஈஆர்பி மென்பொருள் போட நாங்கள் போனோம். வாடிக்கையாளர் பெயரெல்லாம் பாமினியில், அதாவது தமிழை ஆங்கில விசைகளாகவே சேமிக்கும் பழைய எழுத்துருவில். ‘முருகன்’ என்று அடித்தது கே, யூ, எஃப், டி, அரைப்புள்ளி என்று கிடந்தது. அது பரவாயில்லை, எழுத்துரு மாற்றியில் போட்டால் யுனிகோடில் வந்துவிடும்.

கழுத்தை அறுத்தது வாட் புலம், அதாவது பழைய விற்பனை வரியைப் பதியும் கட்டம். 2017 ஜூலை 1 அன்று வாட்டுக்குப் பதில் ஜிஎஸ்டி, மத்திய அரசுக்குச் சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு பாதியாக வந்தபோது நிரலைத் திருத்த ஆள் இல்லை. கணக்குப்பிள்ளை வாட் இருந்த இடத்தில் சிஜிஎஸ்டியைப் போட்டார். எஸ்ஜிஎஸ்டியை ‘இதரச் செலவு’க்குள் தள்ளினார். எங்கும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் இதரச் செலவை இதரச் செலவாகவே ஏற்றிவிட்டோம். மூன்றாம் நாள் அவர்தான் வந்து, “என்ன தம்பி, வரி பாதிதானே இருக்கு?” என்றார்.

எழுதியவர் போய்விட்டார், விட்டுப்போனது வேலை செய்கிறது, அதன் பொருள் ஒருவர் தலைக்குள் இருக்கிறது. இதற்கு ‘எச்சம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘தக்கார் தகவிலர்’ குறளில் எச்சம் என்பது ஒருவர் விட்டுச்செல்வது. இலக்கணத்திலும் எச்சம் தானாக முடியாது. ‘வந்த’ என்றால் ‘யார்?’ என்று தொங்கும். எச்ச முறைமை, எச்சத் தரவு, எச்ச நிரல்.

புறா ஜோக் வரும், தெரியும். ஒரு வாரம் சிரித்துவிட்டுப் பழகிக்கொள்வோம். ‘தொல்லுயிர் எச்சம் செத்ததல்லவா, இது ஓடுகிறதே’ என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும். அங்கே சாவைச் சொல்வது ‘தொல்லுயிர்’ என்ற பகுதி, எச்சம் அல்ல என்பது என் கட்சி.

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தரவைக் கொண்டுபோகும் மைக்ரேஷனுக்குச் சிலர் ‘இடப்பெயர்வு’ என்று எழுதியிருந்தீர்கள். ஈழத்து நண்பர்கள் காதில் அது போர். ஒரு பில்லிங் மென்பொருளுக்கு வேண்டாமே. மேலும், பெயர்வு தானாக நடப்பது. தரவு தானாக நடந்து போவதில்லை, ஒருவர் பெயர்த்தாக வேண்டும். அதனால்தான் மொழிபெயர்ப்பு என்கிறோம், மொழிபெயர்வு என்பதில்லை. ‘தரவுப் பெயர்ப்பு’ சரியாக வரும். வாட் புலத்தில் நடந்ததும் ஒரு தப்பான மொழிபெயர்ப்புதானே.

பழையதும் புதியதும் ஒரு மாதம் சேர்ந்து ஓடுவதற்கு ‘இணையோட்டம்’ போதும். பழையதை நிறுத்திப் புதியதில் முதல் பில் போடும் அந்தக் கட்ஓவருக்குத்தான் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த இரவில் விழித்திருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அன்று உங்களுக்குள் என்ன சொல்லிப் பேசிக்கொண்டீர்கள்?