மஞ்சள் நூல் இருந்தா கெவ்லாராம்! (டிக் வெல்டிங் கிளவுஸ்)

கிராண்ட்பாஸ் பாஸ்: டிக் என்றா டங்ஸ்டன் முனையில் மின்வில் (ஆர்க்) எரிய, நிரப்புக் கம்பியை (ராட்) மற்றக் கையால் ஊட்டுற வெல்டிங். நேற்று ஒருவர் இங்கே அருளியது: "டிக் கிளவுஸ் வாங்கப் போனா தையலைப் பாருங்க. நூல் மஞ்சளா இருந்தா கெவ்லார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்." கெவ்லார் என்றது சூட்டில் உருகாத இழை. மஞ்சள் ஒரு நிறம், ஐயா. பொலியெஸ்டரையும் நைலோனையும் மஞ்சளில் முக்கி எடுக்கலாம். பழைய சோனகத் தெருவில் போய் மஞ்சள் நூல் கேட்டா மஞ்சள் நூல்தான் தருவாங்க.

மணிக்கட்டுப் பக்கம் உள்ளே தொங்குற நூல் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி லைட்டரில் காட்டுங்க. நைலோன், பொலியெஸ்டர் என்றா சுருங்கி, நுனியில் கடுகு மாதிரி உருண்டு நிற்கும். ஆறின பிறகு நகத்தில் நசுக்கினாலும் உடையாது. கெவ்லார் உருகவே உருகாது. கருகும், நெருப்பை எடுத்தா அணையும். அவ்வளவுதான் பரீட்சை.

இடக்கை: அந்த "ஒருவர்" நான்தான். பேர் சொல்ல வாய் வரல்லையோ? 1.2 மி.மீ. 304 ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு 40, 45 அம்பியர். பொறி பறக்காத வேலை. இதில் நூல் எங்கே எரியப்போகுது? முதலில் போறது தோல்தான். டோர்ச் (டங்ஸ்டன் பூட்டின பிடி) பிடிக்கிற கையின் சுண்டுவிரல் ஓரம், சூட்டுப் பைப்பில் ஊன்றுற இடம், சுருங்கி அப்பளம் மாதிரி விறைக்கும். நூல் அப்பவும் அப்படியே கிடக்கும்.

கிராண்ட்பாஸ் பாஸ்: நேற்று நூலைப் பார்த்து வாங்கச் சொன்ன வாய், இன்றைக்கு நூலுக்கு வேலையே இல்லை என்குது. நல்லது. அந்தச் சுண்டுவிரல் ஓரத்தில்தானே தையலும் ஓடுது? நைலோன் 220இலிருந்து 260 பாகைக்குள் உருகிடும். பைப்பில் வைக்கோல் மஞ்சள் ஏறின இடம் 300ஐத் தொட்ட இடம். நீங்க பார்க்க வேண்டிய மஞ்சள் அது!

ஆர்கன் சிலிண்டர்: ரெண்டு பேரும் நூலிலேயே தொங்குறீங்க. வெல்டிங் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 12477, வகை பி என்று அச்சிட்டிருக்கா பாருங்க. பி என்றா 6.5 மி.மீ. கம்பி ஊசியைக் கிளவுஸோட பொறுக்கி எடுக்க முடியணும். ஏ வகைக்கு 11 மி.மீ. போதும், அது ஸ்டிக் வெல்டிங் ஆட்களுக்கு. ஏ-யைப் போட்டுக்கொண்டு 1.6 மி.மீ. ராட் உருட்டினா ராட் விரலுக்குத் தெரியாது, முனை போய் டங்ஸ்டனில் முட்டும், பிறகு டங்ஸ்டனைத் தீட்டிக்கொண்டு இருங்க.

கிராண்ட்பாஸ் பாஸ்: மஞ்சள் சாயம் முக்குறவனுக்கு "பி" அச்சடிக்கத் தெரியாதாக்கும். உண்மையான பி-யா இருந்தாலும் தொடுசூட்டுக்கு அதில் கேட்கிற குறைந்த அளவு 100 பாகை, 15 விநாடி. சூட்டுப் பைப்பில் கை ஊன்ற அது அனுமதிச் சீட்டு இல்லை. நூல் பேச்சுக்கு வாங்க.

இடக்கை: வந்தேன். கெவ்லார் புற ஊதாவில் பலம் இழக்கும், பொன் நிறம் பழுப்பாகும். டிக் ஆர்க்குக்கு முன்னால் அதைப் பிடிக்கச் சொல்றீங்க. இதுக்கு என்ன பதில், பாஸ்?

கிராண்ட்பாஸ் பாஸ்: தையலை உள்ளே மடிச்சுத் தைச்சா கதிர் எப்படிப் படும்?

இடக்கை: உள்ளே மடிச்சா விரல் நுனியில் முடிச்சு அழுத்தும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் ராட் உருளுது. அந்த ரெண்டு விரலின் உட்பக்கம் தையலே இல்லாத ஒரே துண்டு ஆட்டுத்தோல் வேணும், 0.6இலிருந்து 0.8 மி.மீ. நீங்க லைட்டரோட கடை கடையா அலையுங்க.

வெள்ளவத்தை வாசகன்: அண்ணன்மாரே, எனக்கு 9ஆம் சைஸா 10ஆ? உள்ளங்கைச் சுற்று 23 சென்டிமீட்டர்.

ஆர்கன் சிலிண்டர்: பெருவிரலை விட்டுட்டு அளந்தீங்களா? அப்ப 9. 10 என்றா 254 மி.மீ. நுனியில் தோல் மிஞ்சினா ராட் வழுக்கும். ரெண்டு சோடி எடுங்க, கொழும்புப் புழுக்கத்தில் ஒரு மணித்தியாலத்தில் ஊறிடும். ஈரத்தோல் மின்சாரத்தைத் தடுக்காது, டங்ஸ்டன் மாற்றும்போது உதைக்கும். வெயிலில் மட்டும் காய வைக்காதீங்க, விறைக்கும்.

கிராண்ட்பாஸ் பாஸ்: காற்றோட்டமான நிழலில் என்று சேர்த்துச் சொல்லுங்க. அரைகுறையா எழுதுறதே உங்க பழக்கம். கேஸ் கப் (டோர்ச் நுனியில் வாயு வர்ற குவளை) விவாதத்திலும் இதே கதைதான்.

ஆர்கன் சிலிண்டர்: கேஸ் கப்பில் நீங்க 5ஆம் நம்பரைப் பிடிச்சுக்கொண்டு நின்றதை எல்லாரும் பார்த்தாங்க. ஸ்டெயின்லெஸுக்குச் சின்ன 5! வெல்டெல்லாம் கறுத்துப் போகும்.

கிராண்ட்பாஸ் பாஸ்: மூலைக்குள்ளே பெரிய கப் போகாது என்றேன். வாசிக்கத் தெரியணும்.

இடக்கை: சுண்டுவிரலில் கண்ணாடி இழை உறை, அதான் டிக் ஃபிங்கர், ஒன்று மாட்டினா இந்தச் சண்டையே இல்லை. தோலும் தப்பும், நூலும் தப்பும்.

கிராண்ட்பாஸ் பாஸ்: நூல் கெவ்லார் இல்லை என்று தெரிஞ்சதும் உறைக்குள்ளே ஒளியிறீங்க. உங்க மஞ்சள் நூலை வெட்டி நெருப்பு வச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

வெள்ளவத்தை வாசகன்: கிரைண்டருக்கும் இதே கிளவுஸைப் போடலாமா?

ஆர்கன் சிலிண்டர்: கூடாது. ஒயிலும் தூளும் ஒட்டி ராட்டுக்கு ஏறும், அலுமினியத்தில் பொத்தல் பொத்தலா வரும்.

இடக்கை: வச்சேன். கருகிச்சு, உருகல்ல.

கிராண்ட்பாஸ் பாஸ்: படம் போடுங்க.

இடக்கை: முதலில் நீங்க உங்க 5ஆம் நம்பர் கப்பில் அடிச்ச வெல்டின் படத்தைப் போடுங்க.