தோப்புக்கு வந்த அழுங்கும், அதற்கு விலை பேசியவர்களும்

கேள்வி: மாந்தோப்புக்காரன்

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன என் சித்தப்பா, மோட்டார் அறைக்குப் பின்னால் பந்துபோலச் சுருண்டு கிடந்த ஓர் அழுங்கைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். எறும்புத்தின்னி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும், நேரில் நான் பார்த்தது அன்றுதான். காய்ந்த தேங்காய்ச் சிரட்டையின் நிறத்தில் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருந்தன. மூச்சு விடும்போதெல்லாம் அந்த அடுக்கு முழுவதும் மெல்ல ஏறி இறங்கியது. யாராவது காலடி எடுத்து வைத்தால் ‘புஸ்’ என்ற சத்தத்தோடு இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொண்டது.

நாய்கள் கடித்துவிடும் என்று பயந்து, சித்தப்பா நெல் அவிக்கும் பழைய அண்டாவை அதன்மேல் கவிழ்த்து, ஒரு கல்லையும் தூக்கி வைத்தார். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், இதற்குப் பத்து லட்சம் தர ஆள் இருக்கிறது என்று சொல்லி, அண்டாவைத் தூக்கச் சொல்லிக் கைப்பேசியில் காணொளியும் எடுத்துக்கொண்டார். விற்பதில்லை என்று நாங்கள் உறுதியாகச் சொல்லிவிட்டோம். ஆனால் யாரிடம் தெரிவிப்பது என்று யோசித்துக்கொண்டே பொழுதைக் கடத்திவிட்டோம். இரவில் போய்ப் பார்த்தபோது அண்டாவும் கல்லும் அப்படியே இருந்தன. விளிம்புக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு மண் பறிக்கப்பட்டிருந்தது. அழுங்கு போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ‘அந்தச் சரக்கு’ எங்கே என்று கேட்டார்கள். போய்விட்டது என்றால் நம்பவில்லை, மீண்டும் அகப்பட்டால் சொல்லுங்கள் என்று எண் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அண்டாவுக்குள் ஒரு பகல் அடைத்து வைத்தது குற்றமாகுமா? இப்போது வனத்துறைக்குச் சொன்னால் எங்கள்மீதே வழக்கு வருமா? மூலத்துக்கு நல்லது என்று தாத்தா வாங்கித் தந்த அழுங்கு ஓட்டு மோதிரம் ஒன்று எங்கள் ஆச்சியின் பெட்டியில் இருக்கிறது, அதை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: நீதிமன்றத் தாழ்வாரம்

நான் வழக்கறிஞர். வன உயிரின வழக்குகள் சிலவற்றை நடத்தியிருக்கிறேன்.

எறும்புத்தின்னி, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. இந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது என்று மட்டும் பொருளில்லை. பிடிப்பது, பொறி வைப்பது, துரத்துவது, அதற்கு முயல்வது ஆகிய எல்லாமே வேட்டைதான். எனவே அண்டாவைக் கவிழ்த்ததை ஒருவர் வேண்டுமென்றே திரித்துச் சொன்னால் அதைப் பிடித்து வைத்ததாகக் காட்ட முடியும். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, இத்தகைய விலங்கு எந்த வகையில் ஒருவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் தவறவிட்டது அந்த ஒன்றைத்தான். விலங்கு தானாகவே தப்பிவிட்டது, நீங்கள் விற்க மறுத்ததற்குப் பத்துப் பேர் சாட்சி இருக்கிறார்கள். நடந்ததை நாள், நேரத்தோடு ஒரு மனுவாக எழுதி வனச்சரகரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தரகர்கள் வந்து போனதையும் அவர்கள் கொடுத்த எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள். நாளை அந்தக் காணொளி யாருடைய கைப்பேசியிலாவது பிடிபட்டு, பின்னணியில் உங்கள் மோட்டார் அறை தெரிந்தால், இந்த மனுதான் உங்களைக் காக்கும்.

தண்டனையையும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காதில் போட்டு வையுங்கள். முதலாம் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பிணையும் எளிதில் கிடைக்காது. கடத்தப் பயன்பட்ட வண்டி அரசுக்குச் சொந்தமாகிவிடும். செதிலோ இறைச்சியோ கையில் இருந்தால், அது சட்டவிரோதமாக வந்ததில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வைத்திருந்தவருடையதே.

மோதிரம் சிக்கலான விஷயம். உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி சரியில்லை என்பதால், யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். மனு கொடுக்கும்போதே அதையும் ஒப்படைத்துவிடுவது நல்லது. போகும்போது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். செதில் என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். மூலம் குணமாக வேண்டுமென்றால் தன் நகத்தையே வெட்டிக் கட்டிக்கொள்ளலாம் என்று என் கட்சிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுமொழி 2: இரவு நடை

சட்டத்தை மேலே சொல்லிவிட்டார். விலங்கைப் பற்றி நான் சொல்கிறேன். வனத்துறையினருடன் மீட்புப் பணிக்குத் தன்னார்வலராகப் போய் வருபவன் நான்.

அண்டாவை வைத்ததில் உங்கள் சித்தப்பாவின் நோக்கம் நல்லதுதான், ஆனால் வெயில் ஏற ஏற அதற்குள் அடுப்புபோலக் கொதித்திருக்கும். அது மண்ணைப் பறித்துத் தப்பியது அதன் நல்ல காலம். முன்னங்கால்களின் நடு நகம் கட்டாந்தரைபோல இறுகிய கரையான் புற்றையே பெயர்த்துவிடும். அடுத்த முறை கண்ணில் பட்டால் தொட வேண்டாம், சுருண்டிருப்பதை விரித்துப் பார்க்கவும் வேண்டாம். நாய்களைக் கட்டிப் போட்டு, கூட்டத்தை விலக்கி, தகவல் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி ஒருவர் காவல் இருந்தாலே போதும். காயம் இல்லையென்றால் பொழுது சாய்ந்ததும் அது தன் வழியே போய்விடும். பால், வாழைப்பழம், சோறு என்று எதையும் கொடுக்காதீர்கள். அதற்குப் பல்லே கிடையாது. எறும்பையும் கரையானையும் நாக்கால் ஒற்றி விழுங்கும் பிராணி அது. அடைத்து வைத்தால் பயத்திலும் பட்டினியிலும் சில நாட்களிலேயே செத்துவிடுகிறது. ‘உயிரோடு கொடுத்தால் அதிக விலை’ என்று தரகர்கள் சொல்வதை நம்பிப் பிடிக்கப்பட்டவற்றில் பல, வாங்குபவரைப் பார்ப்பதற்கு முன்பே சாக்குப் பைக்குள் இறந்துபோகின்றன.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தக் காணொளிதான். இந்த வியாபாரம் இன்று நடப்பதே கைப்பேசியில்தான். ஊர்க்காரர் ஒருவர் ஆர்வத்தில் நிலைத்தகவலாக வைப்பது ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், கடைசியில் தரகனின் கைக்கு விளம்பரமாகப் போய்ச் சேர்கிறது. உங்கள் வீட்டு வாசலுக்கு மோட்டார் சைக்கிள் வர இரண்டே நாள்தான் ஆனது, பார்த்தீர்களா? காணொளி எடுத்தவர் நல்லவராக இருந்தால், அழிக்கச் சொல்லி முகத்துக்கு நேரே கேளுங்கள்.

மறுமொழி 3: கணக்கப்பிள்ளை

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில், ‘உறைந்த மாட்டிறைச்சி’ என்று எழுதி நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த கொள்கலனைத் திறந்தபோது 12.9 டன் செதில் இருந்தது. ஏறக்குறைய 17,000 விலங்குகளின் செதில் அது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பரபரப்பு அடங்குமுன், ஒரு வாரத்துக்குள், ‘தகரை விதை’ என்ற பெயரில் வந்த இன்னொரு கொள்கலனில் 12.7 டன் பிடிபட்டது. உலகத்திலுள்ள எட்டு இனங்களையும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து, பன்னாட்டு வணிகத்தையே தடை செய்ய 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் முடிவெடுத்து, அது 2017 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்த பிறகு நடந்தது இது. டன் கணக்கில் கப்பலேறும்போது, மாந்தோப்பில் வந்த ஒன்றைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது? மாட்டிக்கொள்வதெல்லாம் குழி தோண்டிப் பிடித்த ஏழைதான். அவனுக்குச் சில ஆயிரம் ரூபாயும் சிறையும், நடுவில் இருப்பவனுக்கு லட்சம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மறுமொழி 4: இரவு நடை

கோபம் எதற்கு, பாதி உண்மையைத்தான் சொல்கிறீர்கள். பிடித்தவன் சிறைக்குப் போவதும் தரகன் தப்புவதும் நான் கண்ணால் கண்டதே. அதனால்தான் அந்தத் தொலைபேசி எண்ணை மனுவில் எழுதச் சொன்னதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மேலே இருப்பவனை எட்ட அப்படியொரு நூல்முனை வேண்டும்.

ஆனால் அந்த 12.9 டன்னும் ஒரே இடத்தில் விளைந்ததில்லையே. ஒவ்வொரு காட்டோரத்திலும் யாரோ ஒருவர் ஒன்று, இரண்டு என்று பிடித்துக் கொடுத்ததுதான் அவ்வளவாகச் சேர்ந்தது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்தியாவில் கள்ள வணிகத்துக்கு இரையானவை என்று பறிமுதல்களை வைத்து, வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு கணக்கிட்டது 1,203 எறும்புத்தின்னிகள். பிடிபடாமல் போனவை அந்தக் கணக்கில் இல்லை. இந்த விலங்கு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு போகிற அந்த ஒன்று வளர்ந்து வருவதற்குள் தாயைப் பிடித்துவிட்டால், அந்த மலைச்சரிவு சில ஆண்டுகளில் வெறுமையாகிவிடும். சிங்கம், சிறுத்தையிடமிருந்து அதைக் காப்பாற்றும் சுருளல்தான் மனிதனுக்கு வசதியாகிவிட்டது. ஓடாது, கடிக்காது, குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

தைவானைப் பாருங்கள். ஒரு காலத்தில் தோலுக்காக ஆண்டுக்குப் பல்லாயிரக்கணக்கில் கொன்று தீர்த்த தீவு அது. 1989இல் வன உயிரினச் சட்டம் வந்து, வேட்டையும் நின்ற பிறகு, இன்று அங்கே ஊரோரத் தோட்டங்களில்கூடத் தென்படுகின்றன. சீனாவும் 2020இல் தன் நாட்டு எறும்புத்தின்னிக்கு முதல்தரப் பாதுகாப்புக் கொடுத்து, மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. ஆனால் செதில் சேர்ந்த தயார் மருந்துகள் சிலவற்றுக்கு அப்போது கதவை முழுவதுமாகச் சாத்தவில்லை. வாங்குகிற இடத்தில் இத்தகைய அரைகுறை வேலைகள் இருக்கும்வரை, பிடிக்கிற இடத்தில் நாம்தான் விழித்திருக்க வேண்டும்.

மறுமொழி 5: வன்னியிலிருந்து

நான் வவுனியாவைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்திலும் அழுங்கு என்றுதான் சொல்லுவோம், சிங்களத்தில் கபல்லேவா என்பார்கள். இங்கு இருப்பதும் உங்கள் தோப்புக்கு வந்த அதே இந்திய இனம்தான். எங்கள் ஊரில் இதைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் இறைச்சிக்காகவே பிடித்தார்கள். செதிலை எறிந்துவிட்டுப் போன காலமும் இருந்தது, இப்போது அதற்கும் விலை விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். என் மாமா ஒருவர், பொந்தின் வாயில் புகை போட்டு அழுங்கு பிடிப்பதில் பேர்போனவர். பிறகு எப்படி விட்டார் என்று கேட்டால், ஒருமுறை வெட்டிய பொந்துக்குள் தாய் குட்டியைத் தன் வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டிருந்ததையும், இழுக்க இழுக்கத் தன் பிடியைத் தளர்த்தாமல் கிடந்ததையும் மட்டும் சொல்லுவார், அதற்கு மேல் பேசமாட்டார். இலங்கையில் இதை வாசிப்பவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கேட்டவரின் பதில்: மாந்தோப்புக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி மனு எழுதி, சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குப் போய்வந்தோம். நாங்கள் பயந்ததுபோல் யாரும் மிரட்டவில்லை. வனவர் ஒருவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாளே தோப்புக்கு வந்தார். மோட்டார் அறையிலிருந்து ஐம்பதடி தள்ளி, வேலியோரத்தில் இருந்த கரையான் புற்றில் கையகலத்துக்குப் பறித்திருந்ததைக் காட்டி, இது ஒரே நாளில் வந்து போனதில்லை, பல நாளாக வந்துகொண்டிருக்கிறது என்றார். இவ்வளவு காலம் அதை நாங்கள் பெருச்சாளி பறித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் புற்றை இடித்துச் சமன்படுத்த இந்த மாதம்தான் ஆள் சொல்லியிருந்தோம், வேண்டாமென்று நிறுத்திவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காணொளியை என் கண் முன்னாலேயே அழித்தார். ஏழு ஆண்டு என்றதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதற்கு முன்பே எத்தனை பேருக்கு அனுப்பினார் என்று மட்டும் சொல்ல மறுக்கிறார்.

மோதிரம்தான் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மூலம் அதனால் குணமாகவில்லை என்பதை ஆச்சியே ஒப்புக்கொள்கிறார், ஆனால் தாத்தா தன் கையால் போட்டுவிட்டது, எந்த ஆபீசருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது என்கிறார். எண்பத்திரண்டு வயதுக்காரரிடம் இதை எப்படிப் பேசுவது என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.