கபுகி நடிகர் படத்தில் நடிகரின் பெயர் ஏன் இல்லை?

அசாகுசாவாசி:

டோக்கியோவில் அசாகுசா பக்கம் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஜிம்போச்சோவில் ஒரு பழைய புத்தகக் கடையில், கபுகி என்ற ஜப்பானியப் பாரம்பரிய நாடகத்தின் நடிகர் ஒருவரைக் காட்டும் மர அச்சுப் படம் ஒன்று வாங்கினேன். விலை 14,000 யென். இப்படி ஒன்றை நான் வாங்குவது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து மேசையில் விரித்து வைத்துவிட்டு அன்று இரவு வேறு எதுவும் செய்யவில்லை.

படத்தைச் சொல்கிறேன். உயரம் 36 செ.மீ., அகலம் 25 செ.மீ. ஒரு பெண் கையில் மடக்கிய குடையோடு திரும்பிப் பார்க்கிறாள். நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், துணி ஒட்டியது போல ஒரு திட்டு இருக்கிறது. நிறம் சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை. கிமோனோவின் கையில் ஒரு சின்னம்: ஒன்றன்மேல் ஒன்றாக விசிறிகள், அவற்றோடு இலைகள். படத்தின் இடது ஓரத்தில் வேறு யாருடைய உடையோ கொஞ்சம் மட்டும் தெரிகிறது, ஆளைக் காணோம். ஓரமாக இரண்டு சின்ன வட்ட முத்திரைகள். கையொப்பம் "தொயோகுனி" என்று கடைக்காரர் படித்துக் காட்டினார்.

மேலே ஒரு பெட்டிக்குள் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதுதான் நடிகரின் பெயர் என்று நினைத்திருந்தேன். அலுவலகத் தோழி ஒருவர் படித்துவிட்டு, "இது நாடகத்தில் வரும் பாத்திரத்தின் பெயர், நடிகர் பெயர் எங்கேயும் இல்லை" என்றார். அதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. கண் இமை வரை இவ்வளவு அக்கறையாக வரைந்தவர்கள், அந்த மனிதரின் பெயரை ஏன் விட்டார்கள்?

இன்னொன்று. இது "சருவாக்கா தெரு காலத்துப் படம்" என்று கடைக்காரர் சொன்னார். அந்த இடம் என் வீட்டிலிருந்து கால் மணி நேர நடைதான். ஞாயிற்றுக்கிழமை போனேன். சென்சோஜி கோயிலுக்குப் பின்னால், வடகிழக்கில், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சின்னப் பட்டறைகளும் உள்ள அமைதியான தெரு. பழைய பெயரைச் சொல்லும் ஒரு நினைவுக்கல்லைத் தவிர அங்கே நாடகம் நடந்ததற்கு அடையாளமாக என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செர்ரிப்பலகை:

முதலில் காலத்தைப் பார்த்துவிடலாம். அந்த வட்ட முத்திரைகளை நன்றாகப் படம் எடுத்துப் போட முடியுமா? அவை தணிக்கை முத்திரைகள். 1842 முதல் 1870கள் வரை முத்திரையின் வடிவம் சில வருடங்களுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருந்தது. அதனால் வடிவத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

அசாகுசாவாசி:

இணைத்திருக்கிறேன். ஒன்று "அராதாமே", அதாவது சரிபார்த்தது என்கிறார் தோழி. மற்றொன்றில் டிராகன் என்ற எழுத்தும் ஐந்து என்ற எண்ணும் இருக்கின்றன.

செர்ரிப்பலகை:

அருமை. டிராகன் ஆண்டு, ஐந்தாம் மாதம். டிராகன் ஆண்டு பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும்: 1844, 1856, 1868. 1844இல் தணிக்கை அதிகாரியின் பெயர் உள்ள ஒற்றை முத்திரைதான் இருந்தது. 1868இல் சரிபார்ப்பும் தேதியும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிட்டன. இரண்டும் தனித்தனி வட்டமாக இருப்பது 1854 முதல் 1857 வரை. ஆக உங்களுடையது 1856. அப்படியானால் தொயோகுனி என்பவர் மூன்றாம் தொயோகுனி. குனிசாதா என்ற பெயரில் புகழ்பெற்று, 1844இல் குருவின் பெயரை ஏற்றவர். அப்போது அவருக்கு எழுபது வயது. அவர் வரைந்தவை இருபதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். விலை உங்கள் கைக்கு எட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெருவும் பெயரும் ஒரே கதைதான்.

1841 வரை எடோவின் (டோக்கியோவின் பழைய பெயர்) பெரிய நாடக அரங்குகள் நகரின் நடுவே இருந்தன. அந்த வருடம் நாகாமுரா அரங்கும் இச்சிமுரா அரங்கும் தீயில் எரிந்தன. செலவையும் ஆடம்பரத்தையும் அடக்க அரசு கிளம்பியிருந்த நேரம் அது. தலைமை அமைச்சர் மிசுனோ தாதாகுனி. எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே, அசாகுசாவுக்கு அப்பால் இருந்த ஒரு பிரபுவின் மாளிகை மனையைக் கொடுத்து, நாடகக்காரர்கள் எல்லோரும் அங்கே போங்கள் என்றார்கள். நாகாமுரா அரங்கை 1624இல் தொடங்கிய சருவாக்கா கன்சாபுரோவின் பெயர்தான் அந்தத் தெருவுக்கு. நடிகர்கள் தெருவைத் தாண்டி வெளியே போனால் முகம் மறைக்கும் பின்னல் தொப்பி போட வேண்டும் என்றும் விதி. அந்த நாளின் மிகப் பெரிய நட்சத்திரமான ஏழாம் டான்ஜூரோவையே, ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று 1842இல் எடோவை விட்டுத் துரத்தினார்கள்.

அதே 1842இல்தான் நடிகர் படங்களையே தடை செய்தார்கள். அடுத்த வருடம் மிசுனோ பதவி இழந்தார். பிடி மெல்லத் தளர்ந்தது, ஆனால் பயம் உடனே போகவில்லை. 1847 வாக்கில் குனியோஷி என்ற ஓவியர், கிடங்குச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கியது போல நடிகர் முகங்களை வரைந்தார். அது கிறுக்கல்தானே, நடிகர் படம் இல்லையே! அப்புறம் முகங்கள் முழுசாகத் திரும்பின. பெயர் மட்டும் திரும்பவில்லை. பாத்திரத்தின் பெயரைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நடிகர் பெயரைத் தாராளமாக அச்சிடத் தொடங்கியது 1860ஐ ஒட்டித்தான். உங்கள் படம் அதற்கு நான்கு வருடம் முந்தியது.

ஊதாத்துணி:

அந்த நெற்றித் திட்டைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அது ஊதாத் துணி. பெண்கள் மேடையேற 1629இல் தடை வந்தது. அவர்கள் இடத்தில் நடித்த இளைஞர்களுக்கு 1652இல் தடை. அதற்குப் பிறகு நடிகர்கள் முன்முடியைச் சிரைத்துக்கொண்டால்தான் மேடை. பெண் வேடம் போடுகிறவர்கள் சிரைத்த இடத்தை ஊதாப் பட்டுத் துணியால் மறைத்தார்கள். பிறகு நல்ல பொய்முடி வந்த பின்னும் படங்களில் அந்தத் துணி நின்றுவிட்டது. அது இருந்தால், படத்தில் இருப்பவர் பெண் வேடம் போட்ட ஆண், அதாவது ஒன்னகாதா. பழைய ஊதாவைச் சாயங்கள் கலந்துதான் எடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் அது மங்கிவிடும். நீங்கள் பார்க்கும் சாம்பல் பழுப்பு அப்படி வந்ததாக இருக்கலாம். தயவுசெய்து ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

விசிறியும் ஓக் இலையும் ஒனோயே கிகுகோரோ பரம்பரையின் சின்னம். 1856இல் அந்தப் பெயரில் இருந்தவர் நான்காம் கிகுகோரோ. அவர் பெண் வேடத்துக்குப் பேர்போனவர், 1855இல்தான் அந்தப் பெயரை ஏற்றார், 1860இல் இறந்தார். சீடர்களும் குடும்பச் சின்னத்தை அணிவதுண்டு, ஆகவே முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நான் அவர் என்றுதான் நினைக்கிறேன். அன்றைய ரசிகருக்கு அந்தச் சின்னமே போதும். பெயர் எழுதவே தேவையில்லை.

இடது ஓரத்து உடை, இது இரண்டு அல்லது மூன்று தாள் சேர்ந்த படத்தின் ஒரு பகுதி என்று சொல்கிறது. வாசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் 40,000க்கும் மேற்பட்ட அச்சுகள் இருக்கின்றன. பாத்திரத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

செர்ரிப்பலகை:

அந்தத் தெருவில் ஒன்றும் இல்லை என்றீர்களே, ஓவியர் ஹிரோஷிகே வரைந்த சருவாக்கா தெருவின் இரவுக் காட்சியைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை போங்கள். அதுவும் 1856தான், உங்கள் படத்துக்கு நான்கு மாதம் பிந்தியது. முந்தைய வருட நிலநடுக்கத்தில் அந்தத் தெரு அழிந்து, மறுபடி எழுந்து நிற்கிற காட்சி. முழுநிலா. தெருவில் நடக்கிறவர்களின் நிழல் தரையில் விழுகிறது. அந்தக் கால அச்சுகளில் நிழல் வரைவது மிக அபூர்வம். அரங்குகள் தீக்குப் பயந்து பகலில்தான் நாடகம் போட்டன. ஆகவே அங்கே நடக்கிற கூட்டம் நாடகம் முடிந்து தேநீர் விடுதிகளிலிருந்து கிளம்புகிற கூட்டமாக இருக்கும். 1872இல் அந்தத் தெருவிலிருந்த மோரிதா அரங்கு நகரின் ஷின்தோமி-சோ பகுதிக்குப் போனது, மற்றவையும் பிறகு கிளம்பிவிட்டன.

அசாகுசாவாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு வாசேதா தொகுப்பில் இரண்டு மணி நேரம் தேடினேன். பக்கத்துத் தாள் கிடைத்துவிட்டது! அந்த உடைக்கு ஒரு ஆள் இருக்கிறார்: விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி என் படத்துப் பெண்ணை நோக்கி வருகிறார். அவள் திரும்பிப் பார்ப்பது அந்த வெளிச்சத்தைத்தான். குறிப்பில் என் தாளின் நடிகர் நான்காம் கிகுகோரோ என்றே இருக்கிறது.

படத்தை உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அடுத்த முழுநிலா அன்று இரவு அந்தத் தெருவுக்குப் போகிறேன்.