'ஆஸ் குட் ஆஸ்' எங்கே ஒப்பீடு, எங்கே 'கிட்டத்தட்ட'?

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 'திஸ் ஃபோன் இஸ் ஆஸ் குட் ஆஸ் தட் ஒன்' என்றால் இரண்டும் ஒரே தரம், அதில் குழப்பமில்லை. ஆனால் 'த வொர்க் இஸ் ஆஸ் குட் ஆஸ் டன்' என்று வந்தால் தரத்தைப் பற்றிய பேச்சே கிடையாது, வேலை முடிந்த மாதிரிதான் என்று அர்த்தம். சரி, 'குட்' இருக்கிறதே, நல்ல விஷயத்துக்குத்தான் போல என்று பார்த்தால் 'த பேட்டரி இஸ் ஆஸ் குட் ஆஸ் டெட்' என்றும் எழுதுகிறார்கள்! அப்புறம் 'ஹி ஆஸ் குட் ஆஸ் அட்மிட்டட் இட்' என்று வினைச்சொல்லுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது என் கேள்வி. அலுவலக மெயிலில் 'த ரிப்போர்ட் இஸ் ஆஸ் குட் ஆஸ் ஃபினிஷ்ட்' என்று எழுதினால், படிக்கிற மேலாளர் முடிந்துவிட்டது என்று நினைப்பாரா, இன்னும் கொஞ்சம் பாக்கி என்று புரிந்துகொள்வாரா? பேசாமல் 'ஆல்மோஸ்ட்' போட்டுவிடலாம்தான், ஆனால் இரண்டுக்கும் தொனியில் என்ன வித்தியாசம்? 'நாட்' சேர்ந்தால் ஒப்பீடு மட்டும்தானா? அகராதி பார்த்தாச்சு, நீங்கள் நிஜமாகப் பயன்படுத்திய வாக்கியங்களாகச் சொல்லுங்கள்.