பம்பு போச்சு என்றார்கள், போனது ஒயர்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு, சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் கேட்கும் 'விர்ர்' சத்தம் பழகியிருக்கும். பெட்ரோல் பம்பு இரண்டு மூன்று விநாடி ஓடி, லைனில் பிரஷர் ஏற்றிவிட்டு நிற்கும். என் 150 சிசி வண்டியில் அந்தச் சத்தம் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் செல்ஃப் சுற்றும், வண்டி கிளம்பாது. ஒர்க்‌ஷாப்பில் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பம்பு அசெம்பிளியையே (முழு செட்டையே) மாற்றணும் என்றார்கள். பழுதைக் கண்ணால் பார்க்காமல் பாகம் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேட்டரி 12.4 வோல்ட். பியூஸ், கில் ஸ்விட்ச் சரி. சாவி போட்டதும் என்ஜின் விளக்கு எரிந்தது, அப்போ என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியுவுக்குக் கரண்ட் போகிறது. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலே மேல் விரல் வைத்தால் 'டிக்' தெரிந்தது. பம்புக்கு ஒயர் சேரும் கப்ளரைக் கழற்றி, தம்பியைச் சாவி திருப்பச் சொல்லி மீட்டரை வைத்தேன். 12.3.

இங்கேதான் பலரும் 'கரண்ட் வருது, பம்புதான் அவுட்' என்று முடித்துவிடுகிறார்கள். மீட்டர் கரண்டே இழுக்காது என்று சொல்லலாம். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்ட் காட்டும். சுமை கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும். பிரேக் லைட்டின் 21 வாட் பல்பை அந்தக் கப்ளரில் மாட்டினேன். மங்கலாகச் சிவந்தது, அவ்வளவுதான். பல்பு மாட்டியபடியே அளந்தால் 7 வோல்ட்.

மீதி எங்கே போச்சு? ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடிதான் கரண்ட் வரும் என்பதால், தம்பி சாவியை ஆஃப், ஆன் என்று திருப்பிக்கொண்டே இருந்தான். கப்ளரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1தான், நல்லது. பாசிட்டிவ் பக்கம், பேட்டரி பிளஸுக்கும் கப்ளருக்கும் நடுவே, 5க்கு மேல். ரிலேயிலிருந்து வெளியே வரும் காலில் வோல்ட் முழுசாக இருந்தது. அப்படியென்றால் ரிலேக்கும் கப்ளருக்கும் இடையிலுள்ள முழம் ஒயர்தான் ஆள். டேங்க் பிராக்கெட்டில் அது உரசும் இடத்தில் டேப்பை உரித்தேன். மேலுறையில் ஊசி நுழையுமளவு ஓட்டை, உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. டேங்கை இறக்கித் தூர வைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கெட்ட துண்டை வெட்டிப் புது ஒயர் சேர்த்து சால்டர் வைத்தேன். மறுபடி மாட்டியதும் பல்பு பளிச். பம்பு பழசேதான் ஓடுகிறது.

பதில்: அண்ணே, என் வண்டியில் ரிலே. 'டிக்' நன்றாகவே கேட்கும், ஆனால் உள்ளே முனை கருகியிருந்தது. காலையில் ஓடும், சூடேறினால் நிற்கும். அதே நம்பர் போட்ட ஃபேன் ரிலேயை மாற்றி மாட்டியதும் தெரிந்துவிட்டது.

பதில்: வண்டி கீழே விழுந்த பிறகு பம்பு ஓடவில்லை என்றால், மீட்டரைத் தேடுமுன் வண்டியை நிமிர்த்திச் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து போடுங்கள். சாய்வு சென்சார் நிறுத்தியிருக்கும்.

பதில்: எனக்கு நேர் எதிர். பல்பு பளிச்சென்று எரிந்தது, பம்பு மட்டும் ஊமை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, முந்தைய ஓனர் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டியவராம். பம்பைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தானே. மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்து வாங்கிப் போட்டேன், அசெம்பிளி விலையில் பாதிகூட ஆகவில்லை.