உதவி தேவை: மியூஸ்கோரில் வயலின் ஹார்மோனிக்ஸ் இரண்டு சுரமாக ஒலிக்கிறது

கேள்வி (தருமபுரி)

வணக்கம். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நான்கு வயலின் வாசிக்கிறார்கள். கைப்பிரதியை மியூஸ்கோர் 4 என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஏற்றும் வேலை என் தலையில். ஓரிடத்தில் ஜி தந்தியில் முதல் விரலால் ஏ-வை அழுத்தி, மேலே டி-யில் சுண்டு விரலை லேசாகத் தொட வேண்டும். அப்படித் தொட்டு எழுப்பும் கீச்சென்ற மேல் ஒலிதான் ஹார்மோனிக்ஸ். டி-க்கு, லேசாகத் தொடுவதைக் காட்டும் வைர வடிவச் சுரத் தலை போட்டேன். கிராட்செட் (ஒரு தட்டுச் சுரம்) என்பதால் உள்ளே கறுப்பாக வருகிறது, கைப்பிரதியில் வெள்ளை. அதைவிடத் தொல்லை, ப்ளே அழுத்தினால் ஏ-யும் டி-யும் சேர்ந்து முனகுகின்றன. கீச்சென்ற அந்த மேல் ஒலியைக் காணோம். ஞாயிறு ஒத்திகைக்கு முன் ஆடியோ அனுப்ப வேண்டும். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஏற்கெனவே ஒரு செட் வீண்.

பதில் (கிருஷ்ணகிரி)

டி-யை மட்டும் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் தலையின் கால அளவை மினிமுக்கு (வெள்ளைத் தலையுள்ள இரண்டு தட்டுச் சுரம்) மாற்றுங்கள். கண்ணுக்குத்தான் மினிம், தாளக் கணக்கு மாறாது. ஆடியோவுக்கு வழி தெரியவில்லை.

பதில் (ஓசூர், வயலின் சொல்லித்தருகிறேன்)

வைரம் வெறும் படம்தான் தம்பி, மென்பொருள் அதை விரலாக எண்ணாது. ச-வை (உங்கள் ஏ) அழுத்தி ம-வைத் (உங்கள் டி) தொட்டால் இரண்டு ஸ்தாயி மேலே ச கேட்கும். அழுத்திய இடத்திலிருந்து குதிரை (தந்தியைத் தாங்கும் மரப்பாலம்) வரையுள்ள நீளத்தில் சரியாகக் கால் பங்கில் விரல் படுவதால் தந்தி நான்கு துண்டாக அதிர்கிறது. உங்கள் ஏ 220 ஹெர்ட்ஸ், கேட்க வேண்டியது 880. ம-வுக்குப் பதில் ப-வைத் தொட்டால் அடுத்த ஸ்தாயி ப.

ஆகவே ஏ, டி இரண்டுக்கும் ப்ளே டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டாம் வாய்ஸில் (அதே வரியில் தனி அடுக்கு), ஸ்டாஃபுக்கு (ஐந்து கோடுகளுக்கு) மேல் முதல் துணைக்கோட்டில் வரும் ஏ-வை வைத்து வி விசையால் மறையுங்கள். அதே கார்டில் (ஒரே தண்டில் சேர்ந்த சுரங்கள்) மூன்றாவது சுரமாகச் சேர்த்தால் தண்டு கொக்குக் கால் மாதிரி நீண்டுவிடும், வேண்டாம். கூட வரும் ரெஸ்ட்களையும் (மௌனக் குறிகள்) மறையுங்கள். தண்டு திசை மாறினால் எக்ஸ் அழுத்தித் திருப்பலாம்.

வாசிப்பது பிள்ளைகளா? அப்படியானால் அந்த மேல் ஏ-வை மறைக்காமல், சின்னத் தலையாக்கி அடைப்புக்குறிக்குள் விடுங்கள். வில் போட்டதும் எந்தச் சத்தம் வர வேண்டும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் திணறுவார்கள்.

பதில் (பாலக்கோடு)

லில்லிபாண்டு என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளுக்கு வந்துவிடுங்களேன். கார்டுக்குள் அந்தச் சுரத்தின் பின்னால் ஹார்மோனிக் கட்டளை கொடுத்தாலே வெள்ளை வைரம்தான். புள்ளி வைத்த சுரமானால் மட்டும் வைரத்துக்குப் புள்ளி வராது. வேண்டுமென்றால் ஹார்மோனிக்டாட்ஸ் அமைப்பை ஆன் செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஞாயிற்றுக்குள் புது மென்பொருள் என்னால் ஆகாது அண்ணா! ஓசூர் சார் சொன்னபடி செய்தேன், ஒலி வந்துவிட்டது. பிள்ளைகள்தான், அதனால் மேல் ஏ-வை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் நான்காம் கோட்டு டி-க்கு மேல் சின்ன வட்டம் இருக்கிறது. இதற்கும் வைரம் போடவா?

பதில் (ஓசூர்)

வேண்டாம். வட்டம் போட்டால் எழுதிய சுரமே ஒலிக்கும் சுரம். ஆடியோவும் தானாகச் சரியாக வரும். மியூஸ்கோரின் மாஸ்டர் பேலட்டில் (குறிகளின் பட்டியல்) அந்த வட்டம் இருக்கிறது. ஆனால் இந்த டி, டி தந்தியின் நடுவிலும் கிடைக்கும், ஜி தந்தியை மூன்றில் ஒரு பங்கில் தொட்டாலும் கிடைக்கும். கைப்பிரதி எழுதியவரிடம் எந்தத் தந்தி என்று கேட்டு மேலே குறித்துவிட்டு அப்புறம் ஜெராக்ஸுக்குப் போங்கள்.