மெரிங் பேய் கசியுது, ஜெலி உருகுது: வெள்ளிக்கிழமை பேய் பார்ட்டிக்கு என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை அம்மா (திங்கள், இரவு)

வணக்கம். மகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை 7 வயது. பேய் பார்ட்டிதான் வேணும் என்று ஒரு மாதமாகக் கேட்கிறாள். 16 பிள்ளைகள் வருவார்கள், அதில் மூன்று பேர் நாலு வயதுக்காரர். பின்னேரம் 4 மணிக்கு எங்கள் ஃபிளாட் ஹோலில் நடக்கும். அங்கே ஏசி இல்லை.

நேற்று இரண்டு சாமான் செய்து பார்த்தேன். முதலாவது முட்டை வெள்ளைக்கருவில் மெரிங் பேய்கள். 3 வெள்ளைக்கரு, 180 கிராம் சீனி, ஓவனில் 100 பாகையில் ஒன்றரை மணித்தியாலம். எடுக்கும்போது நகத்தால் தட்டினால் டொக்கென்று கேட்டது, அவ்வளவு மொறுமொறுப்பு. தட்டில் அடுக்கி மேசையில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் அடியில் தேன் மாதிரி சொட்டுகள் கசிந்து விரலில் ஒட்டத் தொடங்கின. பயந்துபோய் பிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் சூயிங்கம் மாதிரி இழுபடுகிறது.

இரண்டாவது, பக்கெட் ஜெலியில் பூசணிக்காய் உருவம். பிரிட்ஜால் எடுத்து முக்கால் மணித்தியாலத்தில் மூலைகள் எல்லாம் மழுங்கி, தட்டில் தண்ணீர் நின்றது.

பிழை என் கையிலா, இந்த மழைக்காலத்திலா? லேசாகச் செய்யக்கூடிய வேறு ஏதாவது சொல்லுங்கோ. பிள்ளை ஆசையாகக் காத்திருக்கிறாள்.

கேக் அக்கா, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, உங்கட அளவும் சூடும் சரி. ஒரு வெள்ளைக்கருவுக்கு 60 கிராம் சீனி என்றது எல்லாரும் பாவிக்கிற கணக்குத்தான். பிழை காற்றில. மெரிங் முக்கால்வாசி சீனி. சீனி காற்றில இருக்கிற ஈரத்தை இழுத்துக் கரையும், அதுதான் நீங்கள் கண்ட தேன் சொட்டு. கொழும்பில ஐப்பசி மாதம் பின்னேரம் பின்னேரம் இடிமழை, காற்று நனைஞ்ச துணி மாதிரி இருக்கும். பிரிட்ஜுக்குள்ளயும் ஈரம்தான், அங்க வைக்கவே கூடாது.

கட்டாயம் மெரிங்தான் வேணுமெண்டால், ஓவனை நிப்பாட்டிக் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆற விடுங்கோ. ஆறின கையோட காற்றுப் புகாத பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு மூடுங்கோ. பிள்ளைகள் கை கழுவி இருந்தாப் பிறகுதான் டின்னைத் திறக்கிறது. மேசை அலங்காரத்துக்கு அது சரிவராது.

ஜெலியும் அப்படித்தான். பக்கெட் ஜெலியில இருக்கிறது ஜெலட்டின். 30, 35 பாகைக்குள்ள இளகிவிடும். எங்கட ஹோல் சூடே 30. பிறகு எப்படி நிற்கும்?

தெஹிவளை உம்மா

சகோதரி, கடற்பாசியில் செய்யுங்கள். கடையில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் தருவார்கள். நோன்பு திறக்க எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வோம். மேசையில் மணிக்கணக்காக இருந்தாலும் அசையாது. அது 40 பாகைக்குக் கிட்ட உறையும், ஆனால் திரும்ப உருக 85 பாகை வேணும். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பில் எடுப்பது. கடற்பாசி கடலில் விளைகிறது, எந்த வீட்டுப் பிள்ளையும் யோசிக்காமல் சாப்பிடலாம்.

20 பேய்க்கு அளவு: கடற்பாசி இழை 12 கிராமை அரை மணித்தியாலம் ஊறவைத்து, 700 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு இழையும் கண்ணில் படாத வரை காய்ச்சுங்கள். சீனி போட்டு வடியுங்கள். வேறு சட்டியில் அரை லீற்றர் பாலும் நாலு மேசைக்கரண்டி டின் பாலும் சுட வைத்துச் சேருங்கள். பால் குளிர்ந்திருந்தால் கடற்பாசி உடனே கட்டி கட்டியாக உறைந்துவிடும், அதில் மட்டும் கவனம்.

அச்சுத் தேடி அலைய வேண்டாம். யோகட் கோப்பைகளைக் கழுவி வைத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் நெளியும், விரல் பொறுக்கிற சூடு வந்ததும் ஊற்றுங்கள். கவிழ்த்தால் மேலே ஒடுங்கி, கீழே அகன்று, வெள்ளைச் சேலை போர்த்தின பேய்தான். ஸ்ட்ரோவால் இரண்டு குழி தோண்டி, பிளம்ஸை (உலர்ந்த திராட்சை) கிள்ளிக் கண்ணாக வையுங்கள்.

சைவச் சமையல்

ஒரு கேள்வி. பார்ட்டி வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். சைவப் பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் வீட்டில் வெள்ளியில் முட்டையும் இல்லை. மெரிங் முழுக்க முட்டைதானே.

வெள்ளவத்தை அம்மா

ஐயோ, அதை யோசிக்கவே இல்லை! வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வெள்ளி சைவம்தான். மெரிங்கை விட்டுவிட்டேன். உம்மா, மிச்சம் நன்றி, நாளைக்கே கடற்பாசி வாங்குகிறேன். தேங்காய்ப்பாலில் செய்தால் இன்னும் வெள்ளையாக வருமா?

பம்பலப்பிட்டி சித்தி

சொக்லேட் பிஸ்கட் புடிங்கை விட்டுவிட்டீர்களே! கொழும்பில் அதைச் சாப்பிடாத பிள்ளை இல்லை. பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ அடித்து, பாலில் தோய்த்த மாரி பிஸ்கட்டோடு மாறி மாறி அடுக்குங்கள். பழைய முறையில் சிலர் பச்சை முட்டை அடித்துப் போடுவார்கள், பிள்ளைகளுக்கு அது வேண்டாம். மேலே சொக்லேட் பிஸ்கட் தூளைத் தூவினால் சுடுகாட்டு மண். நீட்டு பிஸ்கட்டைக் குத்தினால் கல்லறை.

வெள்ளவத்தை அம்மா

சித்தி, புடிங் நல்ல யோசனை. ஆனால் கல்லறை என்றதும் அம்மம்மாவின் முகம் மாறிவிட்டது. "பிறந்தநாளில பிள்ளைக்கு முன்னால அதை வைக்காதே பிள்ளை" என்றார். அவர் சொல்வதை மீற எனக்கு மனமில்லை. அதே மண்ணை மழை பெய்த தோட்டமாக்கி, சிவப்புக் கடற்பாசியை அரை சென்ரிமீற்றர் தடிப்பில் உறைய வைத்து, மெல்லிசாகக் கீலமாக வெட்டி மண்புழுவாக விடப் போகிறேன்.

கேக் அக்கா, கொட்டாஞ்சேனை

அம்மம்மா சொன்னது சரி. மண்புழுவே போதும், பிள்ளைகள் கத்துவினம்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

நாலு வயதுப் பிள்ளைகள் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். இப்படியான பார்ட்டிகளில் லிச்சிக்குள் முழுத் திராட்சையை வைத்துக் "கண்முழி" என்று கொடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உருண்டையாக, வழுக்குகிற சாமான் சின்னப் பிள்ளையின் தொண்டையை அப்படியே அடைத்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுக்க வேண்டும். கடற்பாசிப் பேயையும் அவர்களுக்குத் துண்டு துண்டாக வெட்டி, இருத்தி வைத்துக் கொடுங்கள். எள்ளு, கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாரும் வருகிறதா என்று முன்கூட்டியே அம்மாமாரிடம் கேளுங்கள்.

வெள்ளவத்தை அம்மா (புதன்)

நன்றி அண்ணா. கேட்டேன், ஒரு பிள்ளைக்கு எள்ளு ஆகாதாம். எள்ளுப்பாகில் சிலந்தி செய்ய நினைத்திருந்தேன், இனி இல்லை.

இன்று தேங்காய்ப்பாலில் ஒரு பரிசோதனை. நல்லாக நின்றது, ஆனால் பேய் இரண்டு நிறமாகிவிட்டது. கோப்பையின் மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி சாம்பல் கண்ணாடி மாதிரி. ஏன்?

தெஹிவளை உம்மா

நல்ல சூட்டோடு ஊற்றியிருப்பீர்கள். கடற்பாசி உறைய முதல் தேங்காய்ப்பாலின் எண்ணெய் மேலே ஏறிவிடும். சட்டியிலேயே கிண்டிக்கொண்டு இருங்கள், கரண்டியின் முதுகில் மெல்லிசாகப் படியத் தொடங்குகிற நேரம் பார்த்து ஊற்றுங்கள். அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் தாமதித்தாலும் சட்டிக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்தால் கவலைப்படாமல் திரும்ப அடுப்பில் வைத்து உருக்குங்கள், கடற்பாசி அதைத் தாங்கும். தோடம்பழச் சாற்றில் பூசணிக்காய் செய்வதென்றால், சாற்றை அடுப்பால் இறக்கிய பிறகு சேருங்கள். புளிப்போடு சேர்த்துக் காய்ச்சினால் கடற்பாசியின் பிடி தளர்ந்துவிடும்.

வெள்ளவத்தை அம்மா (சனி)

எல்லாருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று மூன்று மணிக்கே இடியும் மழையும், கரண்டும் போய் வந்தது. 20 பேய்களும் மேசையில் ஆறு மணி தாண்டியும் நிமிர்ந்து நின்றன. மகள் மேசையைத் தட்டித் தட்டி அவற்றை ஆடவிட்டாள், மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். மண்புழுப் புடிங் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அம்மம்மா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்து செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: மிஞ்சின நாலு பேயை மூடாமல் பிரிட்ஜில் வைத்திருந்தேன். இன்று காலை சுருங்கி, அடியில் தண்ணீர் விட்டிருந்தன. முதல் நாள் இரவு செய்து, கோப்பையைக் கழற்றாமல் மூடி வையுங்கள். பிள்ளைகள் வருகிற நேரத்தில் கவிழ்த்தால் போதும்.